மின்னணு இசையும் கணினியும் சேர்த்துப் படிக்கலாமா?

கேள்வி: மேடம், பள்ளி இறுதியாண்டு முடிக்கப்போகிறேன். ஆறு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். எல்லாம் காதால் கேட்டு வாசிப்பதுதான், நொட்டேஷன் படிக்கத் தெரியாது. இரண்டு வருடமாக லேப்டாப்பில் சொந்தமாக ட்ராக் செய்கிறேன். கணக்கு நன்றாக வரும், பைத்தான் கொஞ்சம் தெரியும். மின்னணு இசையும் கம்ப்யூட்டிங்கும் சேர்ந்த பட்டப்படிப்பில் சேர ஆசை. அப்பா, "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படி, இசையை வீட்டில் வைத்துக்கொள்" என்கிறார். இப்போது ஏஐ-யே பாட்டுப் போடுகிறது, இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சேரலாமா? சேர்ந்தால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அப்பா சொன்ன பழமொழியைக் கேட்டே வளர்ந்தவள் நான். இருபது வருடம் ஆடியோ சாஃப்ட்வேர் எழுதிவிட்டு இப்போது அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். இன்றைக்கும் யாராவது "நீங்கள் இசைக்காரரா, இன்ஜினியரா?" என்று கேட்டால் ஒரு நொடி திணறத்தான் செய்வேன். அதனால் அவர் பயத்தைச் சிரித்துத் தள்ளமாட்டேன். சில படிப்புகளில் அது அப்படியே பலித்துவிடும். மூன்று வருடம் கழித்து இசைக்காரரோடும் பேச முடியாது, நிரலாளரோடும் பேச முடியாது என்று நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் என் பதில், சேரலாம் என்பதுதான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் படிப்பு சாஃப்ட்வேரை ஓட்டக் கற்றுத்தருகிறதா, சாஃப்ட்வேருக்குள் என்ன நடக்கிறது என்று கற்றுத்தருகிறதா என்று பாருங்கள். முதல் வகை என்றால் பணத்தையும் வருடத்தையும் அதில் போடாதீர்கள். மிக்ஸிங் சாஃப்ட்வேரின் பட்டன்களை நீங்கள் இரண்டு வருடத்தில் தனியாகவே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். மிச்சத்தையும் அப்படியே கற்றுக்கொள்வீர்கள். தனியாக உட்கார்ந்து கற்க முடியாததற்குத்தான் பல்கலைக்கழகம்.

இது என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரு சின்ன வேலை சொல்கிறேன், இன்று சாயங்காலமே செய்து பாருங்கள்.

பைத்தானில் நூறு எண்கள் கொண்ட ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் -1-க்கும் 1-க்கும் நடுவில் கண்டபடி இருக்கட்டும். இதை அப்படியே ஒலியாக்கினால் வெறும் இரைச்சல், அதுவும் கண்சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். இப்போது பட்டியலின் முதல் எண்ணை எடுத்து வெளியே அனுப்புங்கள். அதையும் அதற்கு அடுத்ததையும் கூட்டி, இரண்டால் வகுத்து, வருவதைப் பட்டியலின் வாலில் சேருங்கள். திரும்ப முதல் எண், திரும்பச் சராசரி, திரும்ப வால். ஒரு வினாடி ஒலிக்கு 44100 தடவை. மூன்று வினாடிக்கு ஓடவிட்டு வேவ் கோப்பாகச் சேமியுங்கள். பத்துப் பதினைந்து வரி நிரல்தான்.

கேட்டால் கம்பியை மீட்டிய சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கம்பியும் இல்லை, ரெக்கார்டிங்கும் இல்லை, கூட்டலும் வகுத்தலும்தான். கெவின் கார்ப்லஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் என்ற இருவர் 1983-இல் இதை வெளியிட்டார்கள். பட்டியல் சுற்றிச் சுற்றி வருவது கம்பியில் அலை போய்த் திரும்புவது மாதிரி. பக்கத்துப் பக்கத்து எண்களைச் சராசரி எடுப்பதால் கூர்மையான ஏற்ற இறக்கங்கள், அதாவது உயர்ந்த அதிர்வெண்கள், சீக்கிரம் தேய்ந்துபோகின்றன. நிஜக் கம்பியிலும் மீட்டிய நொடியில் பளிச்சென்று இருந்து, பிறகு மங்கலாகித்தானே ஓய்கிறது?

இதுவரை சரி. இனிமேல்தான் விஷயம். 44100-ஐ நூறால் வகுத்தால் 441. ஆகவே 441 ஹெர்ட்ஸ் சுருதி வரவேண்டும். ஒரு டியூனரை வைத்துப் பாருங்கள், 443-க்குக் கொஞ்சம் மேலே காட்டும். கூடவே 441 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை ஓடவிட்டால் இரண்டும் ஒட்டாமல் வினாடிக்கு இரண்டு தடவைக்குச் சற்று மேல் "வ்வா வ்வா" என்று அலையும். ஏன்? நீங்கள் சராசரி எடுப்பது நூறு எண் முந்தியதையும் தொண்ணூற்றொன்பது எண் முந்தியதையும். அப்படியானால் கம்பியின் உண்மையான நீளம் 99.5. 44100-ஐ 99.5-ஆல் வகுத்தால் 443.2.

இந்த அளவு பிசகைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள். உயரமான சுரங்களுக்குப் போங்கள். பட்டியலில் 20 எண் வைத்தால் ஏறக்குறைய 2262 ஹெர்ட்ஸ், 21 வைத்தால் 2151. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு முழு அரைச்சுர இடைவெளி. அதற்குள் எந்தச் சுருதியும் கிடையாது, ஏனென்றால் இருபதரை எண் உள்ள பட்டியல் என்று ஒன்று இல்லை. ராகமே வாசிக்க முடியாத வாத்தியம். இதற்குத் தீர்வு உண்டு, பின்னத்தில் தாமதம் தருகிற ஒரு சின்ன ஃபில்டர், அதாவது ஒலியின் எண்களை மாற்றித் தரும் ஒரு கணக்கு. அதை டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் அதே 1983-இல் எழுதினார்கள். அந்த ஃபில்டரைப் புரிந்துகொள்ளக் கலப்பெண்கள் வேண்டும், ஒலியை எண்களாகக் கையாளும் சிக்னல் புராசெஸிங் வேண்டும்.

காது பழகாதவர் நிரல் ஓடியவுடன் "வேலை முடிந்தது" என்று எழுந்துவிடுவார். கணக்கு தெரியாதவர் சுருதி சேரவில்லை என்று கண்டுபிடிப்பார், அப்புறம் ஏதாவது பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டும் தெரிந்த ஒரே ஆளின் தலைக்குள் இந்த வேலை பத்து நிமிடத்தில் முடியும். நீங்கள் படிக்க வேண்டியது இந்தப் பத்து நிமிடத்தை. பாதி இசை, பாதி கம்ப்யூட்டர் என்று தராசில் நிறுத்துப் போட்டு ஒரு பட்டம் வாங்குவது இதற்குச் சம்பந்தமில்லாத வேறு விவகாரம்.

இந்தத் துறையே இப்படிப்பட்ட ஆட்களால் உண்டானது. மாக்ஸ் மாத்யூஸ், பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்து இன்ஜினியர், ஓய்வு நேரத்தில் வயலின் வாசிப்பவர். 1957-இல் ஐபிஎம் 704 கணினியில் அவர் எழுதிய நிரல்தான் முதன்முதலாக எண்களிலிருந்து ஒலியைத் தொகுத்த இசை மொழி. அதில் பிறந்த முதல் இசைத் துண்டின் நீளம் 17 வினாடி. 1963-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் வந்தவர் ஜான் சௌனிங். அவர் தாளவாத்தியக்காரர், இசை மாணவர். கணினியைத் தொட்டதே இல்லை. 1967-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு சுரத்துக்கு விப்ராட்டோ (சுருதியை லேசாக அசைப்பது) போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரணமாக விப்ராட்டோ வினாடிக்கு ஐந்தாறு அசைவு. அவர் அதை இருபது, ஐம்பது, நூறு என்று ஏற்றிக்கொண்டே போனார், ஆழத்தையும் கூட்டினார். ஒரு கட்டத்துக்கு மேல் அசைவு காதில் விழவில்லை. சுரத்தின் நிறமே மாறிவிட்டது. மணி மாதிரி, பித்தளை மாதிரி. பண்பலை வானொலிக்காக இன்ஜினியர்கள் ஏற்கனவே போட்டு வைத்திருந்த கணக்குதான் இதன் அடியில் இருந்தது. அதைக் காதால் கண்டுபிடிக்க ஓர் இசைக்காரர் வேண்டியிருந்தது. அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் இதன் அருமையைப் புரிந்துகொள்ளாமல் விட்டுவிட, யமஹா உரிமம் வாங்கியது. 1983-இல் அதன் டிஎக்ஸ்7 சின்தசைசர் வந்தது. அந்தப் பத்தாண்டின் பாட்டு எதைக் கேட்டாலும் அதில் எங்காவது அதன் எலக்ட்ரிக் பியானோ ஒலிக்கும். ஸ்டான்ஃபோர்டுக்கு மிக அதிகம் சம்பாதித்துக் கொடுத்த காப்புரிமைகளில் அதுவும் ஒன்று. நடுவில் சௌனிங்குக்கு அங்கே நிரந்தர வேலை கொடுக்காமல் அனுப்பி, பிறகு திரும்ப அழைத்தார்கள் என்பது தனிக்கதை. இதை அப்பாவிடம் முழுதாகச் சொல்லுங்கள், வெற்றியை மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

சரி, வேலைக்கு வருகிறேன். அப்பாவின் நிஜக் கேள்வி அதுதானே.

என் முதல் வேலையில் ஒரு சின்ன கம்பெனிக்கு எதிரொலி பிளக்இன் (இசை சாஃப்ட்வேருக்குள் பொருத்தும் துணை நிரல்) எழுதினேன். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கோளாறு. நாலைந்து வினாடிக்கு ஒரு தடவை மெலிதாக "டிக்" என்று ஒரு சத்தம். அறையில் இருந்த மூன்று நிரலாளர்களுக்கும் அது கேட்கவே இல்லை. "உனக்குப் பிரமை" என்றார்கள். நான் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, "இதோ... இதோ..." என்று விரலால் தட்டிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. ஒலி கணக்கிடும் பகுதியில், சோதனைக்காக, செய்தி ஒன்றைக் கோப்பில் எழுதும் ஒரு வரியை யாரோ விட்டுவைத்திருந்தார்கள். அந்த யாரோ நான்தான்.

ஒரு வரிக்கு அவ்வளவு வலிமையா என்று கேட்பீர்கள். கணினி உங்கள் நிரலிடம் ஒலியைக் கட்டுக்கட்டாகத் தரச் சொல்லும். ஒரு கட்டுக்கு 128 சாம்பிள், அதாவது ஒலியின் 128 எண்கள், என்றால், 44100 வேகத்தில் உங்கள் கையில் இருப்பது 2.9 மில்லிவினாடி. அதற்குள் முழுக் கணக்கையும் முடித்துக் கொடுத்துவிட வேண்டும். மூன்று மில்லிவினாடி கழித்துக் கொடுத்தால் அது இசை இல்லை, "டிக்". கோப்பில் எழுதுவது, புதிதாக நினைவகம் கேட்பது, கூடவே ஓடும் வேறொரு திரிக்காக (த்ரெட்) காத்திருப்பது எல்லாம் பெரும்பாலும் சட்டென்று முடிந்துவிடும், எப்போதாவது இழுத்துவிடும். அந்த "எப்போதாவது"தான் காதில் விழுகிறது. இணையதளம் எழுதுகிறவருக்கு ஐம்பது மில்லிவினாடி தாமதம் ஒரு பொருட்டே இல்லை. நமக்கு அது உலகம் அழிந்த மாதிரி.

இந்த ஒழுங்கோடு நிரல் எழுதத் தெரிந்தவர் இசையில்தான் வேலை தேட வேண்டும் என்று இல்லை. காது கேட்கும் கருவிகள், வீடியோ அழைப்பில் எதிரொலியையும் இரைச்சலையும் நீக்குவது, காருக்குள் ஒலி அமைப்பு, பேச்சை அடையாளம் காண்பது, கேம்களில் ஆட்டக்காரர் நகர நகர மாறும் ஒலி, பாட்டுச் செயலிகளில் ஒரு பாட்டைக் கேட்டு அதன் தாளத்தையும் சுருதியையும் கணிப்பது, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதே சிக்னல் புராசெஸிங். சின்தசைசர், பிளக்இன் செய்யும் கம்பெனிகளும் உண்டு, ஆனால் அவை சிறியவை, இடம் குறைவு. கச்சேரிக்கும் கலைக்கூடங்களுக்கும் இசை அமைத்து மட்டும் சம்பாதிப்பவர்கள் அதைவிடக் குறைவு, அவர்களிலும் பலர் பக்கத்தில் எங்காவது சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நீங்கள் கேட்க வேண்டியது, இந்தப் பட்டத்தோடு ஒரு சாதாரண சாஃப்ட்வேர் வேலை நேர்முகத்திலும் என்னால் நிற்க முடியுமா என்பது. சி++ ஒழுங்காகத் தெரிந்து, டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும் படித்திருந்தால் முடியும். படிப்பு அதைத் தராவிட்டால் அப்பா சொன்னதே சரி.

இனி, தேர்ந்தெடுப்பது. ஒரே மாதிரிப் பெயர் வைத்துக்கொண்டு மூன்று விதமான படிப்புகள் உலவுகின்றன. பெயரைப் பார்க்காதீர்கள், எந்தத் துறை நடத்துகிறது என்று பாருங்கள். இசைத் துறை நடத்தினால் இசையமைப்பு, கேட்டல், வரலாறு, மேக்ஸ் அல்லது ப்யூர் டேட்டா மாதிரி, கட்டங்களைக் கோடுகளால் இணைக்கும் வரைபட நிரலாக்கம் அதிகம் இருக்கும், கணக்கு மெலிந்திருக்கும். மின்னணுப் பொறியியல் துறை என்றால் சர்க்யூட், ஃபில்டர், ஒலியியல் ஆழமாக வரும், இசையமைப்பு ஓரமாக நிற்கும். கணினித் துறை என்றால் மெஷின் லேர்னிங், இசைத் தரவுகளை அலசுவது. எதுவும் மட்டமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்குப் பொறியியல் அல்லது கணினித் துறையில் வேர் இருக்கும் படிப்புதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. இசையை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆள் நீங்கள், யாரும் தள்ளிவிட வேண்டாம். ஒலியை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றத்தோடு நாலு மாதம் மல்லுக்கட்டுவதற்குத்தான் வெளியிலிருந்து ஒரு நெருக்கடி, ஒரு தேர்வு, கூடவே திணறும் நாலு நண்பர்கள் வேண்டும்.

பாடத்திட்டத்தை வரி வரியாகப் படியுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் சாம்ப்ளிங் (ஒலியை எண்களாக்குவது), ஃபூரியே, டிஜிட்டல் ஃபில்டர் மூன்றும் வருகிறதா? இறுதியாண்டில் சொந்தமாக ஒன்றைக் கட்டும் ப்ராஜெக்ட் இருக்கிறதா? பழைய மாணவர்களின் ப்ராஜெக்ட் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், விளம்பரப் புத்தகத்தைவிட அது உண்மை பேசும். எல்லாமே "ஒரு ஆல்பம் தயாரித்தேன்" என்றிருந்தால் புரிந்துகொள்ளுங்கள். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மாணவர்கள் செய்ததை ஒலிபெருக்கிகளில் போட்டு, எல்லோரும் உட்கார்ந்து கேட்டு, கிழித்துத் தொங்கவிடும் வகுப்பு வாரம் ஒன்றாவது இல்லாவிட்டால் அங்கே இசை நடக்கவில்லை.

வெளியாட்கள் வந்து கல்லூரியைப் பார்க்கும் திறந்த நாளில் போக முடிந்தால், இரண்டாம் ஆண்டு மாணவர் யாரையாவது ஓரமாகப் பிடித்து ஒரு கேள்வி கேளுங்கள். "44100 சாம்ப்ளிங்கில் ஒரு சைன் அலையின் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே 30000 வரை கொண்டுபோனால் என்ன கேட்கும்?" 22050 வரை ஏறி, அப்புறம் சுருதி கீழே இறங்கும். 30000-க்கு வந்து சேரும்போது ஒலிப்பது 14100. அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே இதைச் சொல்லி, எப்படித் தவிர்ப்பது என்றும் சொன்னால் அது நல்ல படிப்பு. "அது பாடத்தில் இல்லை" என்றால் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊரும் நாடும் உங்கள் வசதி. எங்கே என்ன நடக்கிறது என்று ஒரு பார்வைக்காக மட்டும் சில பெயர்கள். லண்டனில் குவீன் மேரியின் டிஜிட்டல் இசை மையம், பார்சிலோனாவில் பொம்பெயு ஃபாப்ராவின் இசைத் தொழில்நுட்பக் குழு, மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்டில் சௌனிங்கும் நண்பர்களும் 1975-இல் தொடங்கிய சிசிஆர்எம்ஏ என்ற கணினி இசை மையம், ஹேக் நகரில் சோனாலஜி நிறுவனம், பாரிஸில் 1977-இல் திறந்த இர்காம் இசை ஆராய்ச்சி நிறுவனம். இவற்றில் பலவற்றுக்கு முதுகலையிலோ ஆராய்ச்சியிலோ போவதுதான் வழக்கம். அதனால் இளங்கலையிலேயே இப்படிப்பட்ட இடம் கிடைக்கவில்லை என்று குமுற வேண்டியதில்லை. கணினி அறிவியலோ மின்னணுவியலோ படித்து, கூடவே இசையை விடாமல் செய்து, முதுகலையில் இங்கே நுழைபவர்கள் ஏராளம். பொருந்தும் படிப்பு கையில் சிக்காவிட்டால் நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். அப்பாவின் யோசனையில் பாதி அது. இசையை "வீட்டில் வைத்துக்கொள்" என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கேட்டுக் குறை சொல்ல ஆள் இல்லாத இசை வீட்டுக்குள்ளேயே கிடந்து சோம்பிப்போகும்.

நொட்டேஷன் பற்றி. இசைத் துறைப் படிப்புகளில் சில அதைக் கட்டாயம் கேட்கும், மற்ற இரண்டு வகையிலும் பெரும்பாலும் கேட்பதில்லை. சேர்க்கை விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் ஆறு மாதத்தில் மெதுவாகப் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டுப்போகாது. அதைவிட முக்கியம், கேட்டதைப் பாடத் தெரிவது. ஐந்தாம் சுரம், மூன்றாம் சுரம் என்று இடைவெளியைக் குரலில் பிடிக்க முடிந்தால், ஃபில்டரில் எந்த இடத்தில் எது துருத்திக்கொண்டிருக்கிறது என்பதும் பிடிபடும். கணக்கில் திரிகோணமிதி, மடக்கை, கலப்பெண் மூன்றையும் உடும்புப்பிடியாகப் பிடியுங்கள். மடக்கை எங்கே வரும் என்றால் டெசிபெலில், சுருதியில், காது உலகத்தைக் கேட்கும் விதம் முழுவதிலும்.

விண்ணப்பத்தோடு இசைத் தொகுப்பு கேட்பார்கள். நான் அப்படிப்பட்டதை நூற்றுக்கணக்கில் கேட்டிருக்கிறேன். பளபளவென்று முடித்த நடன ட்ராக் பத்தில் எட்டு வரும், அதில் நீங்கள் எடுத்த முடிவு எது, கருவியோடு வந்த தயார் ஒலி எது என்று எனக்குத் தெரிவதில்லை. இரண்டு நிமிடத்தில் ஒன்று, ஒரே சத்தத்தை எடுத்து அதைப் பிய்த்து, நீட்டி, திருப்பிச் செய்ததாக இருக்கட்டும். இன்னொன்று, சரியாக வராமல் போனது. ஏன் வரவில்லை என்று நாலு வரி. அந்த நாலு வரிக்காக நான் ஆள் எடுத்திருக்கிறேன். மேலே சொன்ன கம்பி நிரலை வளர்த்து, சுருதி சேர்த்து, அதில் ஒரு சின்ன இசை அமைத்து அனுப்பினால் எந்தத் துறையும் நிமிர்ந்து உட்காரும்.

கருவி எதுவும் வாங்காதீர்கள். இந்தத் துறைக்கு என்று ஒரு நோய் உண்டு, அடுத்த சின்தசைசர் வந்தால் இசை தானாக வரும் என்று நினைப்பது. உங்களிடம் இருக்கும் லேப்டாப்பும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் முதல் வருடத்துக்குப் போதும். நிரல் எழுதி ஒலி உண்டாக்கும் ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர், சிசவுண்ட் மூன்றும் இலவசம். மூன்றில் ஒன்று போதும், மூன்றையும் தொட்டு மூன்றையும் விடுவதுதான் வழக்கமான விபத்து. நிரலில் பழக்கமுள்ள உங்களுக்கு சூப்பர்கொலைடர் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஏஐ பற்றி நண்பர்களிடம் ஒன்று சொல்லுங்கள். கணினி இசையமைப்பது நேற்று வந்த செய்தி இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் கணினியைக் கொண்டு நாலு தந்தி வாத்தியங்களுக்கு ஒரு படைப்பை எழுதவைத்தது 1957-இல், மாத்யூஸின் அதே வருடம். 2016-இல் வேவ்நெட் என்ற ஏஐ வந்தபோது, வினாடிக்கு 16000 சாம்பிளை ஒவ்வொன்றாக ஊகித்துப் பேச்சையும் பியானோவையும் உண்டாக்கியது. அதையெல்லாம் கட்டுகிறவர்கள் இந்தப் படிப்பைப் படித்தவர்கள், அல்லது படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். பின்னணிக்கு ஓடவிடும் மலிவான இசை எழுதிப் பிழைத்தவர்களுக்கு இதனால் அடி விழுகிறது, அதை மறுக்கமாட்டேன். நீங்கள் போகும் பாதை அது என்றால் யோசிக்கச் சொல்வேன். அது இல்லை என்றுதான் கடிதம் சொல்கிறது.

அப்பாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். நூறு எண்ணில் ஒரு கம்பி, இருபது எண்ணில் ஒன்று, இருபத்தொன்றில் ஒன்று என மூன்றையும் அவருக்குக் கேட்கவைத்து, ஏன் சுருதி சேரவில்லை என்று விளக்குங்கள். உங்களால் விளக்க முடிந்தால் அவர் கொஞ்சம் இறங்கி வருவார். விளக்கும்போது உங்களுக்கே சலிப்புத் தட்டினால் அதையும் கவனியுங்கள். அப்போது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்து, இசையைத் தனியாகக் கற்பதில் எந்த இழுக்கும் இல்லை.

கடைசியாக ஒன்று, ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது. அந்த நிரலில் சராசரி எடுக்கும்போது இரண்டால் வகுக்க மறந்தால் எண்கள் சுற்றுக்குச் சுற்று பெருகி, முழு வலுவில் ஒரு அலறல் வரும். எல்லோரும் ஒரு தடவையாவது அதைச் செய்வோம். எழுதிய நிரலை முதல் தடவை ஓட்டும்போது ஒலியளவைக் குறைத்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், காதில் மாட்டாதீர்கள்.